விடியுமுன் விரியும் பூ

மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களின் வீடுகளில் மூன்றரை மணிக்கே விளக்கெரியும். போடிநாயக்கனூரில் நான் வளர்ந்த தெருவில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். அம்மா எழுந்து வாசல் தெளித்து, சோறு வடித்து, தனக்கு ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு மூடிவைத்துவிட்டுக் கிளம்புவாள். ஐந்தரைக்குத் தெருமுக்கில் ஜீப் நிற்கும். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பேர், இருபது பேர். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டையூசி வளைவுகளையும் மாநில எல்லையையும் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். பொழுது சாய்ந்து திரும்பும்போது அம்மாவின் சேலையில் ஏலக்காய் வாசமும் மருந்து வாசமும் சேர்ந்து வரும். சிறு வயதில் அது ஒரே வாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏலப்பூவும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் விரியத் தொடங்குகிறது என்பதை, நான் ஆசிரியையாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். விடியுமுன், மூன்றரை நான்கு மணிக்கு இதழ் அவிழும். ஒரு பூவுக்கு ஒரே நாள்தான் ஆயுள். அந்தப் பகலுக்குள் ஏதேனும் ஓர் ஈ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் பூ உதிர்ந்துவிடும். காய் இல்லை.

இதைச் சொன்னதும் பெண்ணையும் தேனீயையும் ஒப்பிட்டு ஒரு கவிதை எழுதிவிடலாம். எனக்கு அந்த உவமை வேண்டாம். சுறுசுறுப்பு, தியாகம், ஓய்வறியா உழைப்பு என்று தேனீக்குச் சூட்டும் பட்டங்களைப் பெண்ணுக்கும் சூட்டினால், அவளுடைய கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லாமல் போய்விடும். நான் சொல்ல வருவது வேறு. ஏலக்காயைப் பற்றி எழுதப்பட்ட வரலாற்றில், பூவுக்கு அருகே நடக்கும் இரண்டு வேலைகள் விடுபட்டுப்போயின. ஒன்று தேனீயின் வேலை. மற்றது, பூவும் காயும் இருக்கும் தரைமட்டத்தில் நாள் முழுதும் குனிந்திருக்கும் பெண்ணின் வேலை. நாட்டுத் தேனீக்களைக் காப்போம் என்று இன்று பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் பேசுகிறோம். அந்தப் பேச்சு இந்தப் பெண்களிடமிருந்து தொடங்காவிட்டால் சுவரில் வரைந்த படத்தோடு நின்றுபோகும்.

*

ஏலமலையின் வரலாற்றைத் தேடினால் யாரெல்லாம் கிடைக்கிறார்கள்? முதலில் அரசர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏலக்காய் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகச் சரக்கு. மலையில் விளைந்ததை அரசிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அரசு அதை ஆலப்புழையில் விற்றுப் பணமாக்கும். அடுத்து, வெள்ளைக்கார அதிகாரிகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைகளை அளந்து எழுதிய வார்டும் கானரும், பின்னாளில் ஏலமலைக்குக் கண்காணிப்பாளராக இருந்த ஜே.டி. மன்றோவும். அதன்பின் தோட்டக்காரர்கள், வியாபாரிகள், ஏலம் கூறும் நிறுவனங்கள். 1928-இல் போடிக்கு ரயில் வந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் மலையிலிருந்து இறங்கிய சரக்கைப் பற்றிச் சொல்வார்கள். மலைக்கு ஏறிய ஆட்களைப் பற்றிச் சொல்லமாட்டார்கள்.

அன்றைய ஏல விவசாயம் காட்டை மொட்டையடிக்கும் விவசாயம் அல்ல. பெருமரங்களை விட்டுவிட்டு அடிக்காட்டை மட்டும் வெட்டித் திறப்பார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் ஏலச்செடி தானே முளைத்துவரும். அந்த வேலைக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் தமிழர்கள் மலையேறினார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. கோடு மாறவில்லை, கோட்டைத் தாண்டும் கால்களும் நிற்கவில்லை. அம்மா தன் வாழ்நாளில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மாநிலத்தில் தூங்கி, இன்னொரு மாநிலத்தில் உழைத்தாள். அவள் கூலியைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ கேட்க வேண்டிய அலுவலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், போனசுக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரை அப்போதுதான் நாடு கேட்டது. அம்மா தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, “அவங்க ஒரே கம்பெனி, ஒரே லயத்துல இருக்காங்கத்தா. நாங்க இன்னைக்கு ஒரு தோட்டம், நாளைக்கு ஒரு தோட்டம். யாரச் சேத்துக்கிட்டு உக்கார்றது?” என்றாள். நாள்கூலிக்கு ஜீப்பில் போகும் பெண்ணின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

*

இனி அந்தப் பூவைப் பார்ப்போம். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் பூ உச்சியில் பூப்பதில்லை. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு படரும். அந்தச் சரத்தில்தான் பூவும் காயும். வெள்ளை இதழில் ஊதா நிறக் கோடுகள். பூ காயாகி முற்ற மூன்று நான்கு மாதங்கள் ஆகும் என்பதால், ஒரே சரத்தில் பூ, பிஞ்சு, முற்றிய காய் எல்லாம் இருக்கும். முற்றியதை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பிஞ்சை இழுத்தாலோ பூவை மிதித்தாலோ சூப்ரவைசர் கத்துவார். ஆக, ஏலப்பூவை ஒரு நாளில் பல மணி நேரம், ஒரு முழம் தூரத்திலிருந்து பார்க்கும் மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் காய் எடுக்கும் பெண்தான்.

ஏலப்பூவில் ஒரு புதிர் இருந்தது. அதன் குழல் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீளம். தேனீயின் நாக்கு அரை சென்டிமீட்டர்தான். பிறகு எப்படி அது அடிவரை உள்ள தேனை எடுக்கிறது? கர்நாடக ஆய்வாளர் வி.வி. பெலவாடியும் உடன் பணியாற்றியவர்களும் 1997-இல் ‘கரன்ட் சயன்ஸ்’ இதழில் விடை எழுதினார்கள். குழலின் நடுவே சூல்தண்டு ஓடுகிறது. குழலுக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில், தேனீ உறிஞ்ச உறிஞ்சத் தேன் மேலேறி வருகிறது. நாக்கு எட்டாத இடத்திலிருந்தும் தேன் கிடைப்பதால்தான் தேனீ திரும்பத் திரும்ப வருகிறது.

2009-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி’ இதழில் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிட முக்கியம். கிபி குரியாகோஸ், பாலட்டி சினு, கே.ஆர். சிவண்ணா மூவரும் மேற்குத்தொடர்ச்சி மலையில் காட்டு ஏலத்தையும் தோட்டத்து ஏலத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். காட்டில் பூ குறைவு, செடிகள் தள்ளித் தள்ளி இருக்கும். அங்கே மகரந்தம் சேர்ப்பவை பெரும்பாலும் தனித்து வாழும் தேனீக்கள்: நீலவரித் தேனீக்களும் இலைவெட்டித் தேனீக்களும். தோட்டத்தில் பூ குவிந்து கிடக்கும். அங்கே கூட்டமாக வாழும் மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ மூன்றும் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. செடியை மனிதர்கள் வீட்டுச் செடியாக்கியபோது அதன் வேலையாட்களும் மாறிவிட்டார்கள்.

இந்தக் கட்டுரையைப் படித்த அன்று அம்மாவிடம் கேட்டேன். “தோட்டத்துக்குள்ள கொசுத்தேனீயும் பொந்துல இருக்கிற ஈயுந்தான் வரும். சோலை ஓரத்துச் செடியில மட்டும் வால்ல நீலக்கோடு போட்ட ஈ ஒண்ணு வரும். உக்காராது, அந்தரத்துலயே நிக்கும்” என்றாள். நீலவரித் தேனீ அதுதான். ஆய்விதழுக்கு வந்த செய்தியை அவள் ஆய்விதழ் இல்லாமலேயே வைத்திருந்தாள். அதுவரை அவளிடம் யாரும் கேட்கவில்லை, பெற்ற மகளும் கேட்கவில்லை.

*

கேட்காமல் விடுவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தேன்கூட்டின் நடுவே இருக்கும் பெரிய தேனீயை அரிஸ்டாட்டில் ‘அரசன்’ என்றார். ஆள்வது ஆணாகத்தானே இருக்க முடியும் என்ற நினைப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஓடியது. 1609-இல் இங்கிலாந்தின் சார்லஸ் பட்லர், ‘பெண்ணரசு’ என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதி அது பெண் என்றார். அதே நூற்றாண்டில் டச்சுக்காரர் யான் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்து, உள்ளே முட்டைப்பை இருப்பதைக் காட்டினார். ‘ராணி’ என்ற பெயர் வந்தது. அதுவும் முழு உண்மையில்லை. ராணி யாரையும் ஆள்வதில்லை. முட்டையிடுகிறது, எப்போது எவ்வளவு என்பதைக் கூட்டிலுள்ள மற்றப் பெண் தேனீக்கள்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அவற்றுக்கு நாம் வைத்த பெயர் ‘வேலைக்காரத் தேனீ’.

கூட்டமில்லாத தேனீக்களைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் பேசுவதே அரிது. உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பான்மை தனித்து வாழ்பவை. ராணி இல்லை, வேலைக்காரி இல்லை. ஒவ்வொரு பெண்ணும் தானே மண்ணில் துளைபோட்டு, தானே மகரந்தம் சேர்த்து, தானே முட்டையிட்டு மூடிவிட்டுப் போகிறது. தேன் தராததால் அவற்றுக்கு விலையில்லை, விலையில்லாததால் பெயருமில்லை. ஆனால் கத்தரியும் தக்காளியும் இவற்றை நம்பியிருக்கின்றன. இந்தப் பூக்கள் மகரந்தத்தை எளிதில் விடுவதில்லை. நீலவரித் தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்து உலுக்கும்போதுதான் நன்றாகக் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. முருங்கைப் பூவுக்குக் கருவண்டு என்று நாம் சொல்லும் மரத்தேனீ வேண்டும்.

இந்த வேலைக்காரர்கள் இல்லாவிட்டால் யார் செய்வது? அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. மெக்சிகோவின் வெனிலாவை இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குரிய தேனீ வரவில்லை. 1841-இல் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், ஒரு குச்சியால் பூவைத் திறந்து கையால் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகத்து வெனிலாத் தோட்டங்களில் அவன் முறைதான். 2000-களின் தொடக்கத்தில் வெனிலா விலை எகிறியபோது இடுக்கியிலும் விடிகாலையில் குச்சியோடு பூப் பூவாகப் போனார்கள். அதில் வீட்டுப் பெண்களின் கை அதிகம். சீனாவின் சிச்சுவான் மலைகளில் பேரி மரங்களில் மனிதர்கள் ஏறித் தூரிகையால் மகரந்தம் தடவுகிறார்கள். தேனீ இலவசமாகச் செய்த வேலை மனிதரிடம் வரும்போது, அது யாருடைய கூலி குறைவோ அவருடைய கையில் போய்ச் சேர்கிறது.

*

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மலையடிவாரத்தில் மாமா ஒருவர் நான்கைந்து தேன்பெட்டி வைத்திருந்தார். ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது அறைகளில் புழுக்கள் நீர் கோத்த பை போலச் செத்துக் கிடந்தன. அடுத்தடுத்துப் பெட்டிகள் காலியாயின. பெரியவளானபின் அதற்குப் பெயர் தெரிந்தது: தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய். 1991, 92-இல் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழித்தது. அதன்பிறகுதான் இத்தாலியத் தேனீப் பெட்டிகள் இங்கே பெருகின. காட்டுப் பொந்துகளில் தப்பிய நாட்டுத் தேனீக்கள் மெல்ல மீண்டு வந்தன. காடு இல்லாதிருந்தால் மீண்டிருக்காது.

ஏலத்தோட்டமும் அதே ஆண்டுகளில் மாறிக்கொண்டிருந்தது. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்து வளர்த்த ‘ஞள்ளானி’ ரகம் மலையெங்கும் பரவியது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு காய்த்தது. பல சிறு விவசாயிகளைக் கடனிலிருந்து மீட்டது. கூடவே அதிக உரம், அதிக வெளிச்சம், அதிக மருந்து என்ற பழக்கமும் வந்தது. நிழல் மரங்கள் கழிக்கப்பட்டன. ஏலம் பூக்காத மாதங்களில் தேனீக்குச் சோறு போடுவது அந்த நிழல் மரங்களின் பூதான் என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் மாதம் தவறாமல் மருந்தடிப்பு. 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானுக்குத் தடை விதித்தது. பெயர் மாறி வேறு மருந்துகள் வந்தன.

போடியில் ஏலக்காய்க்கு விலை வைப்பது அளவுதான். 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமனான காய்க்கு முதல் மரியாதை. சல்லடையில் சலித்து, நிறம் பார்த்துத் தரம் பிரிப்பதும் பெண்கள்தான். மலையேற முடியாத வயதில் அம்மாவும் அந்த வேலைக்குத்தான் போனாள். காய் பருக்க வேண்டுமானால் உள்ளே விதை நிறைய வேண்டும். விதை நிறைய வேண்டுமானால் பூவில் மகரந்தம் போதுமான அளவு சேர வேண்டும். அதாவது, சல்லடையின் மேலே நிற்கும் காயில் தேனீயின் உழைப்பு இருக்கிறது. அந்தத் தேனீயைக் கொல்லும் மருந்தும் அதே காய்க்காகத்தான் அடிக்கப்படுகிறது. பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் மருந்தடிக்கக் கூடாது, தோட்டத்தில் தேன்பெட்டி வையுங்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாளாகச் சொல்கிறார்கள். ஆனால் மருந்தடிக்கும் ஆட்களின் வேலைநேரமும் காலையில்தான் தொடங்குகிறது.

“மருந்தடிச்சா ரெண்டு மூணு நாளைக்குச் சரத்துல ஒரு ஈ இருக்காது. எங்களுக்கும் தல கிறுகிறுன்னு வரும். ஈ பறந்து போயிருது, நாங்க எங்க போறது?” என்று அம்மா ஒருமுறை சொன்னாள். சூழலியலும் பெண்ணியமும் எங்கே சந்திக்கின்றன என்று மாணவிகள் கேட்டால் நான் கோட்பாடு சொல்வதில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்வேன். 1962-இல் ரேச்சல் கார்சன் ‘மௌன வசந்தம்’ நூலில் பறவைகளின் மௌனத்தைக் கேட்டார். எங்கள் ஊரில் அந்த மௌனத்தை முதலில் கேட்டவர்கள் கூலிக்குக் குனிந்த பெண்கள்.

*

ஊர் நினைத்தால் ஓர் உயிரைக் காக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. போடி இலவம் பஞ்சுக்கும் பெயர்போனது. மலையடிவாரத்து இலவ மரங்களில் இரவில் பூ விரியும். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள்: இலவம்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை வௌவால்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் பஞ்சு பிரித்து, தூசியில் இருமும் பெண்களின் வேலையும் வௌவாலில்தான் தொடங்குகிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. அந்தப் பட்டியல் போக 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் வர வேண்டியிருந்தது.

சட்டம் அப்படியிருந்த காலத்திலேயே, மதுரைப் பக்கத்துப் புளியங்குளம் என்ற ஊரில், ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை முனி காக்கும் உயிர்கள் என்று மக்கள் காப்பாற்றிவந்தார்கள். அதை வௌவால் ஆய்வாளர் ஜி. மாரிமுத்து 1988-இல் எழுதினார். முனியை நம்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சட்டம் பூச்சி என்று தள்ளியதை ஓர் ஊர் தன்னுடையது என்று சொல்ல முடிந்தது, அது போதும்.

இன்று அதைச் சொல்வதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் எடுக்கும் உரிமையையும் காட்டைக் காக்கும் பொறுப்பையும் காட்டில் வாழும் மக்களின் கிராம சபைக்குக் கொடுக்கிறது. கொட்டகுடிக்கு மேலே முதுவாக்குடியில் இருக்கும் முதுவர்களுக்கு எந்தப் பாறையில் எந்த மாதம் மலைத்தேனீ இறங்கும் என்று தெரியும். அடிவாரத்துப் பெண்களுக்கு எந்தத் தோட்டத்தில் ஈ குறைந்தது என்று தெரியும். பதிவேட்டை நிரப்ப வருகிறவர் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டுப் போவார். பெரியவர்கள் என்றால் திண்ணையில் இருக்கும் ஆண்கள். அந்த நேரத்தில் பெண்கள் மலையில் இருப்பார்கள். அதனால் பதிவேட்டுக் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு, ஜீப் திரும்பியபின் வைக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் யாருடைய அறிவு ஏட்டில் ஏறும் என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது.

*

பள்ளியைப் பற்றிச் சொல்லும்போது என் தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் முன்பு வேலைபார்த்த ஒரு பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. பெற்றோர் பயந்தார்கள்; பயம் நியாயம்தான், மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கூட்டை அகற்றக் கோரிய கடிதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். இரவில் பந்தம் கட்டிக் கொளுத்தினார்கள். காலையில் தொட்டிக்கடியில் கருகிய தேனீக்களைக் கூட்டி அள்ளியவர் பள்ளியின் துப்புரவு அக்கா. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கடிந்துகொண்டாள். “அது என்ன வீடு கட்டி வாழவா வந்துச்சு? பூ முடிஞ்சா அதுபாட்டுக்குக் கெளம்பிப் போயிருக்கும். ரெண்டு மாசம் அந்தப் பக்கம் புள்ளைகள விடாம இருந்தா ஆகாதா?”

அவள் சொன்னது சரி. மலைத்தேனீ இடம்பெயரும் இனம். பருவம் முடிந்ததும் வெற்றடையை விட்டுவிட்டுப் போய்விடும். அதுவரை அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்து, கல்லெறியும் புகையும் இரவு விளக்கும் இல்லாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் போதும். உண்மையிலேயே அகற்ற வேண்டிய இடமென்றால், கொல்லாமல் அகற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடலாம். இப்போது நான் இருக்கும் பள்ளியில் தேசியப் பசுமைப் படையின் முதல் பாடமே இதுதான்.

இரண்டாவது பாடம், பெட்டி வாங்காதே. தேனீயைக் காக்க வேண்டும் என்றதும் நன்கொடையாளர்கள் இத்தாலியத் தேனீப் பெட்டியோடு வருகிறார்கள். அது தேன் தொழிலுக்கு நல்லது. நாட்டுத் தேனீயைக் காப்பது வேறு வேலை. அதற்குப் பணம் அதிகம் வேண்டாம். வளாகம் முழுக்க சிமெண்ட் போடாமல், வெயில் படும் ஒரு மண்மேட்டை விட்டுவைத்தோம். தரையில் துளைபோடும் தேனீக்களுக்கு அது வீடு. ஒரு பக்கம் திறந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி மழை படாமல் தொங்கவிட்டோம். இலைவெட்டித் தேனீ அதில் இலைச்சுருள் வைத்து முட்டையிட்டது. தும்பையையும் துளசியையும் களை என்று பிடுங்குவதை நிறுத்தினோம். புங்கன், நாவல், முருங்கை என்று ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் பூப்பவற்றைப் பார்த்து நட்டோம். சுவரிலிருந்த கொசுத்தேனீயின் மெழுகுக் குழாயைப் பூசி அடைக்க வந்த கொத்தனாரைப் பிள்ளைகளே மறித்தார்கள்.

மூன்றாவது பாடம் ஒரு நோட்டு. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் மலைக்குப் போகிறவர்கள். வாரம் ஒருமுறை அம்மாவிடம் கேட்டு எழுதி வர வேண்டும்: இந்த வாரம் சரத்தில் என்ன ஈ பார்த்தாய், எவ்வளவு, எந்த நேரம். முதல் மாதத்தில் நீலக்கோட்டு ஈ, முடி ஈ, மினுக்கு ஈ என்று எங்களிடம் இல்லாத பெயர்களெல்லாம் வந்தன. பல பிள்ளைகள் அம்மாவிடம் வேலையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல்முறை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள், தாங்கள் சொல்வது பாடமாகிறது என்பதை நம்பவே கொஞ்ச நாளானது.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லாமலே இன்னொரு கோடு கிழித்து ஒரு பத்தி சேர்த்திருந்தாள். அதன் தலைப்பு ‘அம்மாவுக்கு’. செவ்வாய்: ஈ நிறைய, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. புதன்: மருந்தடித்தார்கள். வியாழன்: ஈ இல்லை, அம்மாவுக்குத் தலைவலி, சாப்பிடவில்லை. வெள்ளி: ஈ இல்லை, அம்மா வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மற்றப் பிள்ளைகளும் அந்தப் பத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. பதிவேட்டுக் குழுவிடமும் ஆராய்ச்சி நிலையத்திடமும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று தெரிந்தால் மறுநாள் அந்தப் பெண்களுக்கு ஜீப்பில் இடமிருக்காது. தாய்மார்களைக் கூட்டி இதைப் பேசினோம். தோட்டத்தின் பெயரை எடுத்துவிட்டு, நாளையும் ஈயையும் தலைவலியையும் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள் சிலர். பெயரில்லாமல் கொடுத்தால் யார் கேட்பார்கள் என்றார்கள் சிலர். இன்னும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டமும் ஏழு மணிக்குத்தான், ஜீப் வந்தபிறகு.